யாருக்கும் தொந்தரவு இல்லாமல் திருட்டு அலாரம் வைப்பது எப்படி?

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் அரை கிரவுண்டு வாங்கி, கீழே ஒரு வீடும் மேலே ஒரு போர்ஷனும் கட்டி, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை நச்சரித்ததால் திருட்டு அலாரமும் வாங்கி மாட்டிவிட்டவர்களுக்கான வழிகாட்டி இது. மாட்டிக் கொடுத்தது எலெக்ட்ரீஷியன். இனி அதற்குப் புத்தி சொல்லிக்கொடுக்க வேண்டியது நீங்கள். பெட்டியோடு வந்த கையேட்டை நம்பாதீர்கள். அதில் வீடு என்று வரைந்திருக்கும் படத்தில் ஒரு முன்கதவு, ஒரு கார் ஷெட், கொஞ்சம் புல்தரை, ஒரு நாய் இருக்கும். மாமியார் இருக்க மாட்டார். பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, தண்ணீர் கேன் போடும் பையன், மாடியில் குடியிருப்பவரின் மச்சான், அயர்ன் வண்டிக்காரர், ஒருவரும் கிடையாது. அப்படி ஒரு வீடு இருந்தால் அங்கே எந்த அலாரமும் ஒழுங்காக வேலை செய்யும்.

நல்ல அலாரம் எது? திருடன் வந்தால் அடிப்பது என்று விற்றவர் சொல்லியிருப்பார். வாங்கி ஒரு மாதம் ஆனவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் இருக்கும் யாரையும், எந்த நேரத்திலும், எதற்காகவும் தொந்தரவு செய்யாததுதான் நல்ல அலாரம் என்பார்கள். அந்த நிலையை எட்டும் வழிகளைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எட்டு ஜோன்

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அலாரப் பேனலுக்கு எட்டு ஜோன், அதாவது எட்டு மண்டலம். 2021ல் தாம்பரம் மாநகராட்சியை உண்டாக்கியபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் எல்லாம் அதற்குள் போயின. 70 வார்டு, 5 மண்டலம் என்று பிரித்தார்கள். பொழிச்சலூர் மட்டும் ஊராட்சியாகவே வெளியே நின்றது. மாநகராட்சியின் ஐந்து மண்டலத்தில் ஒன்றிலும் இடம் கிடைக்காதவருக்கு அலாரக் கம்பெனி வீட்டுக்குள்ளேயே எட்டு மண்டலம் தந்திருக்கிறது. கசக்குமா?

எட்டுக்கு இன்னொரு பழைய சம்பந்தமும் உண்டு. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைப் பார்த்து 'இவன் கள்வன் மாதிரித் தெரியவில்லையே' என்று தயங்கும் காவலர்களுக்குப் பொற்கொல்லன் வகுப்பெடுக்கிறான். திருடர்களுக்கு எட்டு வகைத் துணை உண்டாம். மந்திரத்தில் தொடங்கிக் கருவியில் முடியும் பட்டியல். வகுப்பெடுத்தவனே சிலம்பைத் திருடியவன் என்பதால் பாடத்திட்டத்தில் குறை சொல்ல முடியாது. அந்த எட்டில் மந்திரமும் மருந்தும் இன்றைக்குப் புழக்கத்தில் இல்லை. இடம், காலம் என்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. எந்தக் கதவு, எத்தனை நொடி என்று நீங்கள் பேனலில் ஏற்றப்போவதும் அந்த இரண்டைத்தான்.

பேனலுக்கு உங்கள் வீடு தெரியாது, எட்டு ஜோடி வயர் தெரியும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு குணம் சொல்லித் தர வேண்டும். இது முன்கதவு, திறந்தால் கொஞ்சம் பொறு. இது ஜன்னல், திறந்தால் உடனே கத்து. இது ஹாலுக்குள் ஆள் நடமாட்டம், முன்கதவு வழியாக வந்தவர் என்றால் பொறு, வேறு வழியாக வந்தவர் என்றால் கத்து. இது பேனிக் பட்டன், வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரமும் விழித்திரு. புரோகிராமிங் என்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் குடும்ப அரசியல்.

முன்கதவு

முன்கதவுக்கு 30 நொடி கொடுங்கள், மிஞ்சினால் 45 என்று கையேடு சொல்லும். கதவைத் திறந்ததிலிருந்து கீபேடில் நம்பரை அழுத்தி முடிக்கும்வரை பேனல் 'பீப் பீப்' என்று காத்திருக்கும் நேரம் அது. எழுதியவர் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய்வந்த ஆளில்லை. இரண்டு கையிலும் பை. செருப்பைக் கழற்ற வேண்டும், லைட் சுவிட்சைத் தேட வேண்டும், லைட் எரிந்த பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டும். பீப் சத்தம் வேகமெடுக்கும்.

"என்னங்க, நம்பர் என்னங்க?"

"வாசல்ல நின்னுக்கிட்டு நம்பரைக் கத்தச் சொல்றியா?"

"அதான் இது கத்தப்போகுதே!"

கத்திவிடும். ஒரு முறை கத்தினால் போதும், மறுநாளே எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போகும். "தம்பி, டைம் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிக் குடுப்பா." அவரும் மறுக்க மாட்டார். பல பேனல்களில் 255 நொடி வரை ஏற்றலாம். எட்டு பிட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய எண் அதுதான் என்பதால் அந்தக் கணக்கு. நான்கே கால் நிமிடம். நிதானமாகக் கால் கழுவி, சாமி விளக்கைத் தூண்டிவிட்டு, அதற்கப்புறம் நம்பரை அழுத்தலாம்.

திருடனுக்கும் அதே நான்கே கால் நிமிடம். அவனுக்குக் கால் கழுவும் வேலை இல்லை. பீரோ சாவியைத் தேட அதில் ஒரு நிமிடம்கூடச் செலவாகாது, ஏனென்றால் அது பீரோவின் தலைமேல் தினசரிக்கு அடியில் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் பட்டுப் புடவை மடிப்பில். இதெல்லாம் பொதுஅறிவு. மீதி நேரத்தில் அவன் பேனலையே சுவரிலிருந்து பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். அவனுக்கு அலைச்சல் வைக்க விருப்பமில்லை என்றால் பேனல் பெட்டியை முன்கதவுக்குப் பக்கத்திலேயே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள். கீபேட் மட்டும் வாசல் பக்கம் இருந்தால் போதும், பெட்டி உள்ளறையில் உயரமாக எங்காவது இருக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மாடிப்படிக்குக் கீழே வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை: 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி வந்து எந்த உயரத்தில் நின்றது என்று தெருவில் பழைய ஆட்களைக் கேட்டுவிட்டு ஆணி அடியுங்கள்.

நம்பர் எது வைப்பது என்பதில் பெரிய யோசனை வேண்டாம். பேனலோடு வந்த 1234 இருக்கவே இருக்கிறது. மாற்றித்தான் தீருவேன் என்றால் வண்டி நம்பரை வைத்துக்கொள்ளலாம், அது வாசலில் நிற்கும் வண்டியிலேயே பெரிதாக எழுதியிருப்பதால் மறக்காது. பெரும்பாலான பேனல்களில் ஆளுக்கொரு நம்பர் கொடுக்கும் வசதி உண்டு. யார் எப்போது திறந்தார்கள் என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும். அதையெல்லாம் போட்டால் வேலைக்கார அம்மாவுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று என்று ஆகி, 'என் மேல நம்பிக்கையில்லையா?' என்று பிரச்சினை கிளம்பும். ஒரே நம்பர், ஒரே குடும்பம். ஒரு வருடம் கழித்துக் கீபேடைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். நான்கு பொத்தான் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறி, எழுத்து தேய்ந்து மினுங்கும். நான்கு எண்ணை 24 விதமாகத்தான் வரிசைப்படுத்த முடியும். நீங்கள் கொடுத்திருக்கும் நான்கே கால் நிமிடத்தில் 24ஐயும் போட்டுப் பார்த்துவிடலாம். சில பேனல்கள் தப்பு நம்பர் நாலைந்து தடவை விழுந்தால் கீபேடைப் பூட்டிவிடும். உங்கள் அம்மா மூன்றாம் தடவையிலேயே மாட்டிக்கொள்வார் என்பதால் அந்த வசதியை முதலிலேயே எடுத்துவிட்டிருப்பீர்கள்.

பல்லி, வெயில், விமானம்

ஹாலில் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் மோஷன் சென்சாருக்கு வருவோம். உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வதை அது பார்க்கிறது. ஆள் என்று அதற்குத் தெரியாது. சூடாக ஒன்று நகர்கிறது என்று மட்டும் தெரியும். தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில், மூலையில், வெள்ளையாக, லேசான சூட்டோடு, பூச்சிகள் மொய்க்கும்படி ஒரு பெட்டியை மாட்டினால் நம் ஊரில் அதை முதலில் ஆக்கிரமிப்பது யார்? பல்லிதான். தூரத்தில் இருக்கும்வரை சென்சார் அதைச் சட்டை செய்யாது. லென்ஸ் மேலேயே ஏறிக் குறுக்கே ஓடினால் பேனலைப் பொறுத்தவரை ஹாலில் ஒரு ஆள் ஓடியது மாதிரிதான். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் போட்டிருப்பார்கள்: தலையில் விழுந்தால் கலகம், இன்ன இடத்தில் விழுந்தால் இன்னது என்று. அந்தப் பட்டியலை இனி நீட்ட வேண்டும். சென்சாரில் விழுந்தால், நள்ளிரவில் அண்டை வீட்டாரோடு பகை.

இதற்கு எளிய தீர்வு, உணர்திறனைக் குறைப்பது. எவ்வளவு குறைப்பது? பல்லி வந்தாலும் அடிக்கக் கூடாது, சீலிங் ஃபேன் காற்றில் திரைச்சீலை ஆடினாலும் அடிக்கக் கூடாது, ஜன்னல் கம்பி வழியாக வந்துபோகும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் அடிக்கக் கூடாது. இவ்வளவையும் சாதித்த சென்சார் சுவருக்கு ஒரு அலங்காரம். சென்சாரைச் சுவரோடு சேருமிடத்தில் சிலிக்கான் பூசி, வயர் வரும் ஓட்டையை அடைத்து, பக்கத்தில் டியூப் லைட் இல்லாத மூலையாகப் பார்த்து மாட்டினால் பூச்சியும் குறையும் பல்லியும் குறையும். ஆனால் அதற்கு ஏணி எடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. சென்சார் பார்ப்பது உங்கள் உடம்புச் சூட்டுக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. மே மாதம் மீனம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டியது என்று ரேடியோவில் சொல்கிறார்களே, அந்த மீனம்பாக்கம் நமக்குக் கூப்பிடு தூரம். காங்கிரீட் கூரை, எல்லா ஜன்னலும் சாத்திப் பத்து நாள் பூட்டிய வீடு. உள்ளே சுவரும் 35, 36க்குப் போய்விடும், மனிதத் தோலும் ஏறக்குறைய அதே சூடு. வித்தியாசம் குறையக் குறைய சென்சாரின் பார்வையும் குறுகும். விலை கூடின சென்சார்கள் அறைச் சூட்டுக்குத் தக்கபடி தம்மைச் சரிசெய்துகொள்ளும், மலிவானவை செய்யாது. குடும்பத்தோடு கொடைக்கானலுக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ நீங்கள் கிளம்புவதும் அதே மே மாதம்தான். திருடனுக்கு மட்டும் அது சீசன் என்று எப்படித் தெரிகிறது என்று வியந்துகொள்ளலாம்.

ஜன்னலுக்கு அதிர்வு சென்சார் வைத்தவர்கள் கதை தனி. விமான நிலையம் பக்கத்தில். ஓடுபாதையிலிருந்து எழும்பும் பெரிய விமானம் ஒன்று தலைக்கு மேலே போனால் ஷோகேஸில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கூட முணுமுணுக்கும் வீடுகள் இங்கே உண்டு. சென்சாரில் ஒரு சின்ன திருகு இருக்கும். நள்ளிரவு விமானத்துக்கு அடிக்காத அளவுக்கு அதைத் திருப்பிவிட்டால் கடப்பாரைக்கும் அடிக்காது. ஜன்னலுக்கு நல்ல இரும்புக் கம்பி போட்டிருக்கிறீர்கள், அதிர்வு சென்சாரே தேவையில்லை என்பது என் கருத்து. அந்த ஜோனை மாடிப்படிக் கதவுக்குக் கொடுத்தால் உருப்படியாக இருக்கும்.

பின்கதவு

தினசரியில் திருட்டுச் செய்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். 'வீட்டின் பின்பக்கக் கதவை உடைத்து உள்ளே புகுந்த மர்ம நபர்கள்' என்ற வரியை அச்சுக்கூடத்தில் கோத்தே வைத்திருப்பார்களோ என்று தோன்றும். முன்கதவுக்குத் தேக்கு, பித்தளைக் குமிழ், திண்டுக்கல் பூட்டு. 2019ல் புவிசார் குறியீடு வாங்கின பூட்டு, சும்மாவா? பின்கதவுக்கு மழையில் ஊதின ஃபிளஷ் டோர், ஒரு கொண்டி. திருடன் மரியாதை தெரிந்தவன், தேக்கில் கை வைக்க மாட்டான்.

ஆகவே பின்கதவுக்கு ஒரு ஜோன் கட்டாயம் கொடுத்திருப்பார்கள், திறந்தால் உடனே அடிக்கிற மாதிரி. இரவில் எல்லோரும் உள்ளே படுத்திருக்கும்போது 'ஸ்டே' முறையில் போட்டால் உள்ளே நடமாடலாம், வெளிக்கதவுகளுக்கு மட்டும் காவல். அற்புதமான ஏற்பாடு, விடிகாலை நாலரை மணி வரைக்கும்.

நாலரைக்குப் பாட்டி எழுந்துவிடுவார். மோட்டார் போட வேண்டும். மின்சாரம் போய்விட்டால் அன்றைக்கு மேல் தொட்டி காலி. இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு சமையலறை தாண்டி வந்து, கொண்டியை மேலே தூக்கி, ஊதின கதவைத் தோளால் ஒரு இடி இடிப்பார். கதவில் காந்தமும் நிலையில் அதன் ஜோடியும் இருக்கின்றன. அரை அங்குலம், ஒரு அங்குலம் விலகியதும் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு பிரிந்து சர்க்யூட்டைத் துண்டிக்கிறது. ஹூட்டர் அலறுகிறது. மருமகள் தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடிவருகிறாள். மாடி போர்ஷனில் லைட் எரிகிறது. எதிர் வீட்டு நாய் சேர்ந்துகொள்கிறது. பாட்டி மட்டும் அசையாமல் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பி, "ஏன்டா, பேக்டரிச் சங்கு மாதிரி ஊதுதே, இந்தக் காலத்துல எந்தக் கம்பெனிடா ஷிப்டு விடுறான்?" என்பார்.

மூன்று நாள் இது நடந்தால் நான்காம் நாள் பைபாஸ். கீபேடில் பைபாஸை அழுத்தி ஜோன் நம்பரைக் கொடுத்தால் அந்தக் கதவை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பேனல் பார்த்துக்கொள்ளும். நம் வட்டாரத்தில் தாம்பரம் - மதுரவாயல் பைபாஸுக்கு அடுத்தபடியாக ஆட்கள் அதிகம் உபயோகிக்கும் பைபாஸ் இதுதான். ஒரே குறை, அலாரத்தை ஒரு முறை எடுத்துப் போட்டால் பைபாஸ் தானாக நீங்கிவிடும். தினமும் ராத்திரி மறுபடி அழுத்த வேண்டும். அதற்கும் எலெக்ட்ரீஷியனிடம் வழி உண்டு. "அண்ணே, ஜோனையே ஆஃப் பண்ணிடறேன், பர்மனென்ட்டா." ஜோன் வகையைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போவார். அன்றிலிருந்து பேனலைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக்குப் பின்கதவே கிடையாது. கீபேடில் பச்சை விளக்கு எரியும். 'எல்லாம் பத்திரம்' என்று நீங்களும் படுத்துவிடலாம்.

பின்கதவுக்கும் 30 நொடி தாமதம் கொடுத்து, பாட்டியின் தலைமாட்டில் ஒற்றைப் பொத்தான் ரிமோட் ஒன்றை வைத்து, எழுந்ததும் அதை அழுத்தப் பழக்கினால் இத்தனைக்கும் அவசியமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் உங்கள் வீட்டுப் பாட்டியோடு பேசிப் பார்க்கட்டும். பேசிப் பார்த்தால் கேட்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். டிவி ரிமோட்டில் ஐந்நூறு சேனலுக்கு நடுவே தன் சீரியலைக் கண்டுபிடிப்பவர் அவர்.

ஒரு ரெசிஸ்டர் பற்றி

இது கொஞ்சம் டெக்னிக்கல், ஆனால் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி. டப்பாவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் எட்டு ரெசிஸ்டர் வந்திருக்கும், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது, உடம்பில் கலர் கலராக வளையம். ஒவ்வொரு ஜோன் வயரின் கடைசியிலும், அதாவது கதவில் இருக்கும் சென்சாருக்குள், ஒன்று வைக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், சிலதில் 2 ஆயிரம் ஓம், சிலதில் 5,600 ஓம். பேனல் ஓயாமல் வயரில் அந்த அளவு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வயரை அறுத்தால் அளவு எகிறும், இரண்டு வயரையும் முறுக்கி இணைத்தால் பூஜ்யமாகும். இரண்டிலும் பேனலுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கதவு நிலையில் குனிந்து அந்தச் சின்ன இடுக்குக்குள் ரெசிஸ்டரைத் திணித்து டேப் சுற்றுவது முதுகு வலிக்கும் வேலை. ஆகவே பல வீடுகளில் எட்டையும் பேனல் பெட்டிக்குள்ளேயே வரிசையாக முறுக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பார்க்கத் தோரணம் கட்டினது போல அழகாக இருக்கும். எல்லா ஜோனும் பச்சை காட்டும். கதவுப் பக்கம் வயரை ஒருவன் இணைத்துவிட்டாலும் பச்சையே காட்டும். கதவு திறந்தது பேனலுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் பெட்டியின் மூடியைக் கழற்றி ஒரு முறை பாருங்கள். ரெசிஸ்டர் உள்ளே தொங்கினால், "தம்பி, இதெல்லாம் கதவுகிட்டப் போகணுமே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் உங்களை மறுபடி ஏய்க்க மாட்டார்.

ஹூட்டரும் ஊராரும்

வெளிச்சுவரில் மாட்டும் ஹூட்டர் 110 டெசிபல் வரை போகும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு. திருடனோ பத்துக்கு மேல்தான் வருவான். சட்டத்தை மதிக்கும் குடிமகன் ஹூட்டரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

ஹூட்டர் அடித்தால் அக்கம்பக்கம் என்ன செய்யும்? முதல் தடவை ஓடி வருவார்கள். இரண்டாவது தடவை பால்கனிக்கு வருவார்கள். அதற்கப்புறம் ஜன்னலைச் சாத்துவார்கள். அமெரிக்காவில் போலீசுக்குப் போகும் திருட்டு அலார அழைப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் வெற்று அழைப்பு என்று அவர்கள் அரசாங்கமே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. மின்சாரத் திருட்டு அலாரத்துக்கு 1853ல் காப்புரிமை வாங்கிய அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் மாசசூசெட்ஸில் ஒரு பாதிரியார். அதன் உரிமையை 1857ல் விலைக்கு வாங்கிப் பணம் பண்ணிய எட்வின் ஹோம்ஸ் வியாபாரி. அலாரம் அடித்தால் மனுஷர்கள் வருவார்கள் என்று நம்ப ஒரு பாதிரியாரால்தான் முடிந்திருக்கும்.

பொழிச்சலூருக்கு வேறொரு சிறப்பும் இருக்கிறது. அகத்தீசுவரர் கோயிலை வடதிருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமையானால் சனீஸ்வரருக்கு எள் விளக்குப் போட எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். தெருவில் பையோடு நடக்கும் புது முகத்தை அன்றைக்கு யாரும் 'யாருப்பா நீ, எங்க போற?' என்று கேட்க மாட்டார்கள். மற்ற நாளில் கேட்க ஒரு ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திண்ணையை இடித்துக் கார் ஷெட் போட்டாயிற்று. அவருக்குப் பதிலாகத்தான் எட்டு ஜோன்.

அலாரம் அடித்ததும் தானாகப் போன் போட, பேனலுக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அதில் முதல் நம்பராக நியூஜெர்சியில் இருக்கும் மகன் நம்பரைக் கொடுங்கள். இங்கே ராத்திரி இரண்டு மணி என்றால் அவனுக்குப் பகல். மீட்டிங்கில் இருப்பான். இரண்டாவதாக மயிலாடுதுறையில் இருக்கும் மச்சினர் நம்பர். எதிர்வீட்டுக்காரர் நம்பர் வேண்டாம், அவரோடு காம்பவுண்டுச் சுவர் தகராறு. சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதும் வேண்டாத செலவு. 2018ல் மூடின ஏர்செல்லின் சிம் இன்னும் பேனலுக்குள் இருந்தால் அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இத்தனைக்கும் பிறகு திருட்டு நடந்துவிட்டால் மோப்ப நாய் வரும். வீடு முழுக்க மிளகாய்த் தூள் தூவியிருப்பதால் வாசலிலேயே தும்மிவிட்டுத் திரும்பும். மிளகாய்த் தூளும் உங்கள் சமையலறை டப்பாவிலிருந்து எடுத்ததுதான். போலீசார் வழக்கில் முன்பு 457, 380 என்று எழுதின பிரிவுகளை 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 331, 305 என்று எழுதுகிறார்கள். எத்தனை பவுன் என்று கேட்பார்கள். சொல்லும்போது வீட்டம்மா முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள், அவர் வைத்திருந்தது உங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகமாக இருக்கும்.

வெளியூர் போவதற்கு முன்னால் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துவிட்டுப் போங்கள், பூட்டிய வீடு என்று குறித்துக்கொண்டு ரோந்துக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள் என்று போலீசார் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் சொல்கிறார்கள். 2022 ஜனவரியிலிருந்து நமக்கென்று தாம்பரம் போலீஸ் கமிஷனரேட்டே வந்துவிட்டது. தகவல் கொடுக்கக் காசு கிடையாது. பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லவும் காசு கிடையாது. காசு கொடுக்காமல் கிடைப்பதால் யாரும் செய்வதில்லையோ என்னவோ.

காசு கொடுத்துச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பேனல் பெட்டிக்குள் அடியில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று உட்கார்ந்திருக்கும். கரண்டு போனால் அலாரம் உயிரோடு இருப்பது அதனால்தான். நம் ஊர்ச் சூட்டில் மூன்று வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் நான்கு. அதற்கு மேல் அது பெட்டிக்குள் கிடக்கும் வெறும் கனம். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு அலாரத்தைப் போட்டு, பின்கதவைத் திறந்து பாருங்கள். ஹூட்டர் ஈனஸ்வரத்தில் முனகினால் நாளைக்கே பேட்டரியை மாற்றுங்கள். ஹூட்டர் அடிக்கவே இல்லையென்றால் பின்கதவு ஜோனை முதலில் திரும்ப உயிர்ப்பியுங்கள், பேட்டரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.